சாப்பாட்டு டப்பாவில் வந்த சீட்டு

பஸ் டிரைவரின் சீட்டைக் கிழித்துத் தொட்டியில் போட்டது நான்தான். அது எனக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அக்காவும் நானும் இரண்டு அறைகளில் தொழில் செய்கிறோம். முன்னறை அக்காவுடையது. யாருடைய கையெழுத்தையாவது கொண்டுவந்து கொடுத்தால், அதை அப்படியே வெள்ளித் தகட்டில் அறுத்துப் பதக்கமாக்கித் தருவாள். பின்னறை என்னுடையது. பழைய தாளைத் தொட்டியில் ஊறவைத்து, கூழாக அடித்து, புதுத் தாள் எடுப்பேன். அந்தத் தாளில் வாழ்த்து அட்டைகள் செய்வேன். அக்காவின் பதக்கங்களுக்குச் சின்னப் பெட்டிகளும் செய்வேன். பெட்டிக்குள் வைக்க இரண்டு வரி எழுதித் தருவதும் என் வேலை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். வந்தவர்களிடம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கையில் தாள் அகப்பட்டால் என் விரல்கள் கேட்காமலே கிழித்துவிடும். கத்தரித்தால் நார் அறுந்துபோகும், கையால் கிழித்தால்தான் நன்றாக ஊறும் என்று பழகிய விரல்கள். கரண்ட் பில்லைக்கூட ஒருமுறை ஊறவைத்திருக்கிறேன்.

டிரைவர் சீருடையோடுதான் வந்தார். அவர் மனைவி தினமும் சாப்பாட்டு டப்பாவில் ஒரு சீட்டு எழுதி வைப்பாராம். படித்துச் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவாராம் இவர். போன வருடம் மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், வலது கை விழுந்துவிட்டது. சீட்டுகளும் நின்றுவிட்டன. மிச்சம் இருந்தது லைசென்ஸ் உறைக்குள் மடித்து வைத்த ஒன்றே ஒன்று.

‘இன்று உப்பு கொஞ்சம் குறைவு. மன்னிக்கவும்.’

"இத மட்டும் ஏன் சார் பத்திரமா வச்சீங்க?" என்றாள் அக்கா.

"இருபது வருஷத்துல அவ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு நாள்தாம்மா. விடுவேனா?"

அந்த ‘மன்னிக்கவும்’ மட்டும் வெள்ளியில் வேண்டும், மனைவி கழுத்தில் போட. மனைவிக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்கா படியெடுக்கும் தாளோடு உட்கார்ந்தாள்.

"ஏய், நடு மேசையில ஒரு சீட்டு வச்சேனே, எங்க?"

நடு மேசை எங்கள் இருவருக்கும் பொது. முந்தின நாள் சாயங்காலம் அந்த மேசையைத் துடைத்தவள் நான்.

"அடிப்பாவி! கிழிச்சியா?"

"மேசையில இருந்துச்சு…"

"மேசையில இருந்தா? நாளைக்கு நான் மேசையில தலைசாச்சுத் தூங்குனா என்னையும் ஊறவைப்பியா?"

"நீ ஏன் அத உன் பக்கத்துல வச்சுக்கல?"

"இப்ப சட்டம் பேசு. வா, தொட்டியக் கவுத்தலாம்."

நல்லவேளை, கூழ் அடித்திருக்கவில்லை. தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாகச் சல்லடையில் ஊற்றி, துண்டு துண்டாக இருவரும் தேடினோம். முட்டி தேய்ந்து, விரல் சுருங்கி, பதினொரு மணிக்கு நாலு துண்டுகளும் கிடைத்துவிட்டன. பால்பாயிண்ட் பேனா என்பதால் மை கரையவில்லை. ஆனால் நான் கிழித்த கிழிசல் சரியாக ‘மன்னிக்கவும்’ நடுவில் ஓடியிருந்தது. அந்த இடத்தில் எழுத்தே இல்லை, நார்தான் இருந்தது.

அக்கா துண்டுகளை ஈரம் உறிஞ்ச ஒரு கம்பளித் துணியில் பரப்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உனக்குத்தான் யாரு எழுத்தும் அப்படியே வருமே. போனத எழுதிடு. நான் அறுத்துடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எழுதிப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தில் புள்ளிகள் எல்லாம் குட்டி வட்டங்களாக இருந்தன. ஆறாவது தடவை அசல் மாதிரியே வந்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவர் மனைவி கேட்ட மன்னிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, நான் எழுதியது அந்த அம்மாள் கழுத்தில் தொங்கும்.

"வேணாம்க்கா. சொல்லிடலாம்."

"யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்பா."

"நானே சொல்றேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ? பால்காரர்கிட்ட அரை லிட்டர் கூடக் கேக்கறதுக்கே என்னத்தான் அனுப்புவ."

மதியம் டிரைவர் வந்தார். கூடவே மனைவியும். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, படியில் நிதானமாக ஏறி வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டாம்மா," என்றார் டிரைவர் அசடு வழிய.

"ரெண்டு நாளா சட்டைப் பையத் தடவறதும் தனியா சிரிக்கறதும். என்னமோ விஷயம்னு வந்தேன்," என்றார் மனைவி.

அப்போதே பேசிவிடாவிட்டால் பேசவே மாட்டேன் என்று தோன்றியது. "சார், உங்க சீட்ட நான் கிழிச்சுட்டேன். தெரியாம. அந்த வார்த்தை போயிடுச்சு," என்றேன். துண்டுகளைக் கம்பளித் துணியோடு மேசையில் வைத்தேன்.

டிரைவர் துண்டுகளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மனைவிதான் குனிந்து பார்த்தார். "எதுக்குங்க எங்கம்மா எழுத்தக் கொண்டாந்து கொடுத்திருக்கீங்க?"

"உங்கம்மாவா?"

"பாருங்க, புள்ளிய வட்டம் வட்டமா. எங்கம்மா அப்படித்தான் போடும். தங்கச்சி பிரசவத்துக்கு நான் போயிருந்தப்ப ஒரு வாரம் அம்மாதானே உங்களுக்குச் சமைச்சுது? உப்புக்கு மன்னிப்புக் கேக்கற ஆளா நான்? கம்மியா இருந்தா போட்டுக்கத் தெரியாதான்னு எழுதியிருப்பேன்."

டிரைவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப இத்தன வருஷமா…"

"எங்கம்மாவ நெஞ்சுல வச்சுக்கிட்டு பஸ் ஓட்டியிருக்கீங்க."

முதலில் சிரித்தது அக்கா. அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் டிரைவர், தொடையில் அடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் ஆறாவது தடவை எழுதிய தாளைப் பாவாடை மடிப்பில் கசக்கிப் பிடித்திருந்தேன்.

மனைவி மட்டும் சீக்கிரம் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு துண்டை விரல் நுனியால் நகர்த்தி அடுத்ததோடு சேர்த்தார். "அம்மா போனதுக்கப்புறம் அது எழுதுனது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. இத ஒட்டிக் கொடுப்பியா கண்ணு?"

"கொடுக்கறேன்," என்றேன். குரல் தெளிவாகவே வந்தது. மெல்லிய தாளாக ஒன்று எடுத்து, பசை தடவி, ஒவ்வொரு துண்டாக அதன் மேல் படுக்க வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, "இன்னும் துளி இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு என்ன?"

"உன் எழுத்து ஒண்ணுமே இல்லயே எங்கிட்ட."

மனைவி யோசித்தார். என் மேசையிலிருந்து பேனாவை இடது கையில் எடுத்தார். ஒரு வருடமாக எழுதாதவர். தாள் நகர்ந்தது, நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு சொல் எழுத வெகு நேரம் ஆயிற்று. ‘மெதுவா ஓட்டுங்க.’ எழுத்துகள் ஏறி இறங்கி, கடைசியில் இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன.

"இத அவரு சாவிக்கொத்துல மாட்டற மாதிரி செஞ்சுடுங்க. எனக்கெதுக்கு பதக்கம்?"

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தக் கடைசி எழுத்த மட்டும் கொஞ்சம் நேராக்கிடவா?"

"ஒரு கோடு நேரானாலும் நான் வாங்க மாட்டேன்," என்றார் டிரைவர்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் அக்கா முதல் வேலையாக அந்தத் தாளைத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "கிட்ட வராத," என்றாள்.

"சாப்பிடலாம்க்கா, பசிக்குது," என்றேன். காலையிலிருந்து எனக்குத் தண்ணீர்கூட இறங்கியிருக்கவில்லை.