விருந்தாளிக்குச் சொன்ன பதில்

எங்கள் ஊர் மால்டோவாவில். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். என் மகள் இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். கணவர் கல்லறையில். வியாழக்கிழமைகளில் மட்டும் என் கதவைத் தட்ட ஒருத்தி இருந்தாள், நர்ஸ் ஔரிகா. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவாள். மூன்று வருடம் எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடந்த என்னை எழுப்பியது மாத்திரையா, அந்த வம்பா என்று எனக்குத் தெரியாது.

அவளுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அரசாங்கத்திடம் கேட்டால் கையை விரிக்கும். இன்னும் பணம் தரலாமா என்று முடிவு செய்ய, அந்த நிறுவனத்து அம்மாள் ஒருத்தி ஔரிகா பார்த்துக்கொள்ளும் எங்கள் பத்து வீட்டுக்காரர்களையும் நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

"அக்கா, உள்ளத உள்ளபடி சொல்லு. தூக்கம் வரலைன்னா வரலைன்னு சொல்லு. புரியுதா?" என்றாள் ஔரிகா.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மூன்று நாள் வேலை. சுவருக்கு வெள்ளையடித்தேன். பக்கத்து வீட்டு ஸினயீதாவிடம் கம்பளம் இரவல் வாங்கினேன். கோழியடித்துச் சாறு வைத்தேன், பாலாடைக்கட்டி வைத்து அப்பம் சுட்டேன். வீடு தேடி வந்தவர் முன்னால் மூக்கைச் சிந்துவதைவிட அவமானம் எங்கள் ஊரில் வேறில்லை.

அந்த அம்மாள் கேட்டதை, கூட வந்த பெண் எங்கள் மொழியில் சொன்னாள். "நல்லாத் தூங்கறீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். அப்பத்தைச் சாப்பிடுங்கம்மா, ஆறிடும்."

"தனியா இருக்கறது கஷ்டமா இல்லையா?"

"எனக்கென்ன குறை? ராணி மாதிரி இருக்கேன்!"

மேசைக்கடியில் ஔரிகா என் காலை மிதித்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எழுதினாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ஔரிகா வந்தாள். உட்காரவில்லை.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் குணமாயிடுச்சாம். பணம் வேற மாவட்டத்துக்குப் போகுது, என்னையும் அங்கயே போகச் சொல்லிட்டாங்க. பத்து வீட்டுலயும் இதே கூத்து, ஒருத்தர் பாக்கியில்லாம விருந்து வெச்சிருக்கீங்க. ஏன்க்கா பொய் சொன்ன?"

"பொய் இல்லடி. அன்னைக்கு நெசமாவே நல்லாத்தான் இருந்தேன். வீட்டுக்கு ஆள் வருதுன்னா நான் நல்லாத்தான் இருப்பேன். யாரும் வராட்டி எப்படி இருப்பேன்னு அவங்க கேக்கலையே."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று அவள் இரண்டு முறை சொன்ன பிறகும் விடவில்லை.