வெறுங்கைக் காற்று

கோட்டைக்குப்பத்தில் அன்று அம்மனுக்குக் குடம் ஊற்றும் நாள். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. தண்ணீர் உப்பேறி இறால் செத்து மிதந்தது. மழை வேண்டிக் குடம் எடுப்பவர்கள் சுமங்கலிகளாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

வைஷ்ணவி எடுக்கலாமா கூடாதா என்று காலையிலிருந்தே குழாயடியில் பேச்சு. ஊர் வாய்க்கு வேறு வேலை ஏது! அவள் புருஷன் பூவரசன், இங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்று மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போனவன். அங்கே தடை தொடங்கும் முன் கடைசியாகக் கடலுக்குப் போன அவன் படகு, காற்றிலும் மழையிலும் சிக்கிக் கரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, ஒரு சேதியும் இல்லை.

பேசியவர்களை ஒரே அதட்டில் அடக்கினாள் மாமியார் கஸ்தூரியம்மாள். பித்தளைக் குடத்தைத் தானே புளி போட்டுத் தேய்த்து மருமகள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"எட்றி. எம்புள்ள உசுரோட கீறான். எவ இன்னா சொல்றான்னு பாக்கறேன்."

வைஷ்ணவி குடத்தைத் தொடவில்லை. "நா வரல அத்த."

கஸ்தூரியம்மாளின் முகம் செத்துப்போனது. "அப்ப நீயே முடிவு கட்டிட்டியாடி?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற பெண்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வைஷ்ணவியின் மனசில் இருந்ததோ வேறு. கடைசியாகப் போனில் பேசியபோது பூவரசன் சிரித்துக்கொண்டே சொன்னது அவள் காதிலேயே நின்றது. "இங்க பேய் மழமே. காத்து கடல் தண்ணியெல்லாம் மூட்ட கட்டி தூக்கினு வர்து. மலைய தாண்டங்காட்டியும் எல்லாத்தையும் இங்கயே எறக்கிட்டு, உங்களாண்ட வெறுங்கையோட வர்து. அதான் அங்க காய்து."

அந்தக் காற்றுதான் அவன் படகையும் புரட்டியிருக்கும் என்று அவளுக்குப் பயம்.

"மழ அவரு தலமேலதான் அத்த கொட்டுது. இன்னும் குடுன்னு எந்த வாயால கேப்பேன்?"

கஸ்தூரியம்மாளின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்க வேணாம், இங்க வந்து பெய்யினு கேளுடி."

வைஷ்ணவி குடத்தை எடுத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அம்மன் காலடியில் பாதியை ஊற்றி, மீதியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "அங்க ஒரு சொட்டும் எறக்காத தாயே. எல்லாத்தையும் மலைக்கு இந்தாண்ட தூக்கியாந்து எங்க தலமேல கொட்டு. எங்க ஊடு முழுவினாலும் பரவால்ல."

திரும்பி வரும் வழியில் மேலைக்காற்று எழுந்தது. பெண்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் இல்லை. அனல்தான் அடித்தது. வீட்டு வாசலை மிதித்தபோது வைஷ்ணவி முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்த புடவை, வந்த வழியிலேயே மொடமொடவென்று காய்ந்திருந்தது.

காற்று எல்லாவற்றையும் அங்கேயே இறக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறது. அவள் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது தீர்த்ததும், எழுந்து, அம்மனுக்கு இன்னொரு முறை ஊற்றக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

பின்னாலேயே வந்த கஸ்தூரியம்மாள் பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடிக்கத் தொடங்கினாள்.