ஏழாவது சனிக்கிழமை

எட்டுச் சனிக்கிழமை என்று விண்ணப்பத்தில் எழுதியது நான்தான். ஐந்து என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. மணிலாக்காரர்களுக்குப் பத்து என்றால்தான் பிடிக்கும் என்று எங்கள் தலைமையாசிரியர் சார் நெபோ அடம்பிடித்தார். பேரம் பேசி எட்டில் நிறுத்தினேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் நன்னெறிப் பாடம் நடத்துகிறேன். பெயர் லுஸ்விமிந்தா. பிள்ளைகளுக்கு லுஸ் மேடம். பள்ளிகளிலும் இளைஞர் குழுக்களிலும் நல்ல குணத்தை வளர்க்கும் சின்னத் திட்டங்களுக்கு மணிலாவில் ஓர் அறக்கட்டளை நாற்பதாயிரம் பெசோ கொடுக்கிறது. பாதி முதலில், மீதி முடித்துக் காட்டிய பிறகு. எங்கள் திட்டம் ரொம்ப எளிமை. சனிக்கிழமைதோறும் பதினான்கு பிள்ளைகள், தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்குப் போய், அங்கே என்ன வேலை கிடக்கிறதோ அதைக் கூடிச் செய்துவிட்டு வருவார்கள். இலோய்லோ பக்கம் இதைத் தாக்யாவ் என்போம். கூப்பிட்டால் தெருவே வந்து நிற்கும் வழக்கம் அது. இப்போது அதற்கும் விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது.

பதினான்கில் பதினோரு பேர் காமன்சித் தீவுப் பிள்ளைகள். தினமும் தியோ அம்போ என்ற பெரியவரின் மோட்டார் படகில் பள்ளிக்கு வருகிறவர்கள். டீசல் விலை ஏறியதிலிருந்து அவரால் சமாளிக்க முடியவில்லை. நிதியின் இரண்டாம் பாதி வந்தால் மார்ச் வரை படகு ஓடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வராவிட்டால் பதினோரு பேரும் வீட்டோடுதான். போன வருடம் அப்படி நின்றுபோன இரண்டு பெண்கள் இப்போது நகரத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறார்கள். இரண்டு பேரும் என் வகுப்பு.

ஐந்து சனிக்கிழமை ஒழுங்காக நடந்தது. ஆறாவதுக்குப் புயல் எச்சரிக்கை. ஏழாவதுக்குப் புயலே வந்துவிட்டது. எட்டாவது அன்று ஊர்த் திருவிழா. மேயர் ஊர்வலத்தில் கொடி பிடிக்க என் பிள்ளைகளை சார் நெபோ அனுப்பிவிட்டார். அது முடிந்ததும் கடிதம் வந்தது: வருகிற சனிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஒருவர் நேரில் வருகிறார், எட்டு வாரப் படங்களும் தயாராக இருக்கட்டும்.

"மூணு வாரம் தள்ளிக் கேப்போம் சார்" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா? பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுவாங்க. அதுவரைக்கும் படகை நீங்க நீந்திப்போய்த் தள்ளுவீங்களா?"

"நடக்காததை நடந்துச்சுன்னு எப்படி சார் எழுதறது? அதுவும் இந்தத் திட்டத்துல."

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான். புதன்கிழமை பசங்களை ஆளுக்கு மூணு சட்டை கொண்டுவரச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்ததற்குச் சாட்சி ஃபிளெக்ஸ் பேனர்தான். பேனரும் அதன் முன்னால் சிரிக்கும் முகங்களும் இருந்தால் நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் பேனரில் தேதியை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினோம். சிவப்புச் சட்டை, கேன்டீன் பின்சுவர். நீலச் சட்டை, காவலாளி குடிசையின் கூரைமேல் ஓலை. வெள்ளைச் சட்டை, கிணற்றடி. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

ஜெஸ்ரில் மட்டும் சிவப்புச் சட்டையோடு அப்படியே நின்றாள். பதினைந்து வயது, தீவுப் பெண். கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் ரகம். செல்லமாக இந்தாய், அதாவது மகளே, என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

"மேடம், இது பொய்தானே?"

"புயல் வந்தது நம்ம தப்பா?"

"இல்ல."

"நீங்க வேலை செய்ய மாட்டேன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"போட்டோ இல்லன்னா பணம் இல்ல. பணம் இல்லன்னா படகு இல்ல. உனக்கு மட்டும் இல்ல இந்தாய், உங்க தீவுச் சின்னவ அனலினுக்கும் பள்ளிக்கூடம் இல்ல. இப்ப நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

அவள் நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பதினைந்து வயதுப் பெண்ணை வாதத்தில் மடக்கிவிட்டேன் என்று எனக்கு அப்போது ஒரு திருப்தி வேறு. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு மனசு நோட்டு. ஒவ்வொரு வாரமும் வேலை முடிந்ததும் மனதில் பட்டதை எழுத வேண்டும். எழுதியவரைத் தவிர வேறு யாரும், நானும்கூட, திறக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவளும் நான்தான். அறக்கட்டளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பார்வையிட வருகிறவர் ஏதாவது ஒரு பிள்ளையைத் தன் பக்கத்தைத் தானே வாசிக்கச் சொல்வார் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று பிள்ளைகள் அன்று என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை வந்தவர் மிஸ் லகுவெஸ்தா. சிடுமூஞ்சி ஒருவர் வந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சிடுமூஞ்சியை ஏமாற்றுவதில் அவ்வளவு உறுத்தல் இருக்காது. இவரோ முப்பது வயதுக்காரர், பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். தட்டில் வைத்த பன்சித் நூடுல்ஸை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். சார் நெபோ என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

பிறகு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்த மேசைக்குப் போனார். விரலை அட்டைகள்மேல் ஓட்டினார். எதை எடுத்துவிடக் கூடாது என்று நான் மனதுக்குள் கெஞ்சினேனோ அதையே உருவினார்.

"ஜெஸ்ரில் யாரு? வாம்மா. ஏழாவது வாரம் வாசிக்கிறியா?"

ஜெஸ்ரில் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று நோட்டைப் பிரித்தாள். என் விதியை நானே மீறி எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரே ஒரு வரி. இன்று மூன்று சட்டை மாற்றினோம், எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். படகு போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஏழாவது வாரம் எங்க தீவுல தியோ அம்போ வீட்டுக்குப் போனோம். அவருக்கு யாருமே இல்ல. புயல்ல கூரை பறந்துபோச்சு. நாங்க ஓலை கட்டினோம். முடிச்சதும் அவர் கஞ்சி காய்ச்சினார். வீட்டுல இருந்ததே ஒரு தட்டுதான். பதினாலு பேரும் அந்த ஒரே தட்டுல மாத்தி மாத்திக் குடிச்சோம். கடைசியா அவர் குடிச்சார். என்னைவிட அவர் பணக்காரர்னு அன்னைக்குத் தோணுச்சு."

கண்கள் இடமிருந்து வலமாக ஓடின. பக்கத்தைக்கூட ஒரு தடவை திருப்பினாள். தியோ அம்போவுக்கு மனைவி, நான்கு மகன்கள், ஓட்டு வீடு எல்லாம் உண்டு. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இருபது அடி தள்ளி எங்கள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். பயந்தவளுக்கு வாயில் முதலில் வந்த பெயர் அதுதான் போலிருக்கிறது.

மிஸ் லகுவெஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலச் சட்டைப் படத்தைத் தேடி எடுத்தார்.

"இந்தக் கூரைதானா? எனக்கு அவரைப் பாக்கணும் போல இருக்கே. பஸ்ஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. தீவுக்குப் படகு கிடைக்குமா?"

சார் நெபோ அவசரமாக எழுந்தார். "கடல் இன்னைக்குச் சரியில்ல மேடம்."

எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தோம். தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. மிஸ் லகுவெஸ்தாவின் புருவம் லேசாகச் சுருங்கியது.

"அவர் செத்துட்டார் மேடம்" என்றாள் ஜெஸ்ரில். "போன செவ்வாய்க்கிழமை. நாங்கதான் தூக்கிட்டுப் போனோம்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மிஸ் லகுவெஸ்தா சிலுவை போட்டுக்கொண்டார். சார் நெபோ துக்கமாகத் தலையைக் குனிந்தார். அந்த மனுஷனை அங்கேயே உதைக்கலாமா என்றிருந்தது.

"லுஸ் மேடம், அவருக்காக ஒரு ஜெபம் சொல்லிடுவோமா? நீங்களே நடத்துங்க" என்றார் மிஸ் லகுவெஸ்தா.

எங்கள் பள்ளியில் திறப்பு விழாவானாலும் சாவானாலும் ஜெபம் நன்னெறி ஆசிரியை தலையில்தான். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அனலின், பன்னிரண்டு வயது, தியோ அம்போவின் சொந்தப் பேத்தி. உயிரோடு இருப்பவரின் பெயரில் இறந்தவர் ஜெபத்தைச் சொல்லிவிட்டால் சாவு அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்பது தீவில் எல்லோரும் நம்புவது. ஆள் கடலில் இருக்கும்போது விளையாட்டுக்குக்கூட அதை வாயில் எடுக்கமாட்டார்கள். மூடநம்பிக்கை என்று வகுப்பில் நான் எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறேன்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று தொடங்கினேன். கைகள் நெற்றிக்குப் போயின. அனலினின் கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. உதடு வெளுத்துப்போய், வேண்டாம் வேண்டாம் என்பதுபோல என்னையே பார்த்தாள்.

"நித்திய இளைப்பாற்றியை" என்றேன். அடுத்து பெயர் சொல்ல வேண்டும். கேன்டீன் பக்கமிருந்து தியோ அம்போ எதற்கோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது. பிள்ளைகள் யாரும் நிமிரவில்லை. இன்னும் ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் மார்ச் வரை படகு ஓடும். அதை மட்டுமே நினைக்கப் பார்த்தேன்.

"தாத்தா" என்று அனலின் விசும்பினாள்.

என்னால் முடியவில்லை.

"அவர் சாகல" என்றேன். "அதோ கேன்டீன்ல காப்பி குடிச்சிட்டிருக்கார். ஏழாவது சனிக்கிழமைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. ஆறும் நடக்கல, எட்டும் நடக்கல. அந்தப் படம் மூணும் புதன்கிழமை மத்தியானம் எடுத்தது."

மிஸ் லகுவெஸ்தா என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஜெஸ்ரிலைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"இவ்வளவு அழகா பொய் சொல்லுவியாம்மா நீ?"

ஜெஸ்ரில் நோட்டை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் பேச வேண்டிய நேரம் அது. இவளுக்குச் சட்டையை மாட்டிவிட்டது நான், இவள் வேண்டாம் என்றாள், நான்தான் மடக்கினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் சார் நெபோ முந்திக்கொண்டார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க மேடம். எங்க கத்துக்கிறாங்களோ."

நான் குறுக்கே பேசவில்லை. உண்மை சொல்லி முடித்த களைப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு அவ்வளவு தைரியம்தான் இருந்தது போல.

மிஸ் லகுவெஸ்தா பேனாவை மூடினார். ஐந்து வாரம் நடந்தது என்றுதான் எழுத முடியும், எட்டு முடிக்காதவர்களுக்கு மீதி வராது என்று சொன்னார். அவர் ஏறும் ஜீப்னி வண்டி வரை கூடவே போய், பிள்ளைகளைச் செய்யவைத்தது நான்தான் என்று அங்கே வைத்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மை சொன்னதற்கு நன்றி என்றார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

துறைக்குப் போனேன். பிள்ளைகள் படகில் ஏறிவிட்டிருந்தார்கள். அனலின் தாத்தாவின் சட்டையை விடாமல் பிடித்திருந்தாள். விஷயம் அதற்குள் அவருக்குப் போய்விட்டிருந்தது.

"நான் செத்துட்டேனாமே மேடம். கஞ்சி வேற காய்ச்சினேனாம். என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா, நான் அடுப்புப் பக்கமே போனதில்ல." பிறகு சிரிப்பு அடங்கியது. "டீசல் வியாழக்கிழமை வரைக்கும்தான் வரும் மேடம். அதுக்கப்புறம் என்னைத் தப்பா நினைக்காதீங்க."

படகின் முனையில் ஜெஸ்ரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் முழங்கால்வரை இறங்கிப் பக்கத்தில் போனேன்.

"இந்தாய், அவங்ககிட்ட சொல்லிட்டேன். உன் மேல தப்பில்ல, நான்தான் செய்யச் சொன்னேன்னு."

"எப்ப?"

"ஜீப்னி கிட்ட."

"எல்லாரும் போனதுக்கப்புறம்."

தியோ அம்போ கயிற்றை இழுத்துச் சுருட்டினார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்னுதான் மேடம் நின்னேன். அனலினுக்காகன்னு நீங்க சொன்னதாலதான் வந்தேன்." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. "பொய்யை எல்லாரும் சேந்து செஞ்சோம். உண்மையை நீங்க மட்டும் தனியா சொல்லிட்டீங்க."