அமைதி அறைக் கண்ணாடி

மேனேஜர் என் மேசைக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதே தெரிந்துவிட்டது, எதையோ என் தலையில் கட்டப்போகிறான் என்று. என் மகன் வயதுதான் அவனுக்கு.

"அக்கா, தலைமை அலுவலகத்துலேர்ந்து சொல்லிட்டாங்க. ஊழியர் நலத்திட்டம் ஆரம்பிக்கணுமாம். மூச்சுப் பயிற்சி, ரத்த அழுத்தம் பாக்கறது, ஓய்வெடுக்க ஒரு அறை. நீங்க கீழேர்ந்து மேல வந்தவங்க. அவங்க மனசு உங்களுக்குத்தான் தெரியும்."

தெரிந்து என்ன பிரயோசனம், அதில் ஒருத்திகூட இப்போது என்னோடு பேசுவதில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரி தம்பி," என்றேன்.

எங்களுடையது சலவை ஆலை. மருத்துவமனை, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் இங்கேதான் வெளுக்க வரும். கீழ்த்தளத்தில் துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரி உருளையும் சேர்ந்து போடுகிற சத்தத்தில், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கையால்தான். மாமியார் சண்டை, மகனுடைய பரீட்சை, மேனேஜருடைய தொப்பை, எல்லாமே கையில் வரும். நான் முழங்கால் போகிறவரைக்கும் அங்கேதான் விரிப்பு மடித்தேன். எனக்கு எதிர்முனை பிடித்தவளுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு, ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அப்பப்பா, ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடந்து வருவோம், நடுவில் கையும் கையும் தொடும், அவள் முனையை நான் வாங்கிக்கொள்வேன். அந்த இடைவெளியில் ஒரு குடும்பக் கதையே சொல்லி முடித்துவிடுவாள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது காதில் பெரிய வளையம் போட்டிருந்தேன். அதனால் காது மடலை இழுத்தால் அது நான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருத்தர் போய்விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவருக்குப் பழைய ஆளின் சைகைதான். உலர்த்தும் இயந்திரத்தில் முன்பு ஒரு நெட்டைக்காரர் இருந்தார். இப்போது அங்கே நிற்பவர் என் தோள் உயரம்கூட இல்லை, அவரைக் கூப்பிடவும் எல்லாரும் கையைத் தலைக்கு மேலேதான் தூக்குவார்கள். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

முழங்கால் மடங்காமல் போனதும் என்னை மேல் மாடிக்கு அனுப்பினார்கள். நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர், ஜில்லென்று காற்று. அங்கே இருப்பவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போனால் டிவியோடு சண்டை போடுவேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்பான். போட்டேன் என்பேன். அவ்வளவுதான் பேச்சு. மனுஷியோடு மனுஷியாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பேன். வாயாடி ஆரம்பத்தில் படியேறும் என்னைப் பார்த்துக் கை அசைப்பாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நலத்திட்டத்தை நான் ஏற்றுக்கொண்டது யாருடைய நலத்துக்காகவும் இல்லை, வாயாடி திரும்ப என்னோடு பேசவேண்டும் என்பதற்காக.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒரு வாத்தியார் வந்தார். இயந்திரத்தை நிறுத்த மேனேஜர் சம்மதிக்கவில்லை. பாவம், "மூச்சை உள்ளே இழுங்க!" என்று மனுஷர் கத்திக் கத்தி, கடைசியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவதை அன்று சாயங்காலத்துக்குள் தளம் முழுக்க நடித்துக் காட்டிவிட்டது. ரத்த அழுத்தம் பார்த்ததில் எகிறியிருந்த ஒரே ஆள் மேனேஜர்.

அறையை மட்டும் நான் மனசு வைத்துச் செய்தேன். பாதிப் படியேறினால் ஒரு பழைய சாமான் அறை, கீழ்த்தளத்தைப் பார்த்தபடி. அதைக் காலி செய்து, மெத்தென்ற நாற்காலிகள் போட்டு, சத்தம் வராத கதவு வைத்து, தளத்துப் பக்கச் சுவரை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொன்னேன். "வெளிச்சம் வேணும் தம்பி," என்று மேனேஜரிடம் சொன்னேன். அங்கே உட்கார்ந்தால் மடிக்கும் மேசை நேராகத் தெரியும் என்பதை அவனிடம் எதற்குச் சொல்லவேண்டும்?

திறப்பு நாளில் எல்லாரும் வந்தார்கள். வரச் சொன்னதால் வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஊசி விழுந்தாலும் கேட்கும் அந்த இடத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. நானே வாயாடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

அவள் எழுந்து நின்றுகொண்டாள். "ரொம்ப நல்லா இருக்கு மேடம்," என்றாள். "நீங்க கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க."

மேடமாம்! ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. கையால் பேசின காலத்தில் எங்களுக்குள் மேடமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

அதற்கப்புறம் அந்த அறைக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. காலியாகக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. நானே மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகள் ஓயாமல் பேசும். இந்தப் பக்கம் நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்கும்.

அப்படி ஒரு மதியம், வாயாடி தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தாள். காது மடலை இரண்டு தரம் இழுத்தாள். கையை வீசி, வா, சீக்கிரம் வா என்றாள்.

நான் டப்பாவை மூடக்கூட இல்லை. முழங்காலாவது ஒன்றாவது, படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் அந்தப் பழைய இரைச்சல் முகத்தில் வந்து மோதியது. ஐயோ, அழுகையே வந்துவிட்டது எனக்கு. நேராக மடிக்கும் மேசைக்குப் போய், என் பழைய இடத்தில் நின்று, விரிப்பின் முனைக்காகக் கையை நீட்டினேன்.

வாயாடி திருதிருவென்று விழித்தாள். என் தோளை உரசிக்கொண்டு, படிக்கட்டு ஓரத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். என் இடத்துக்கு எடுத்த புதுப் பெண். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முனையை வாங்கிக்கொண்டாள். அவள் காதில் ஒரு பொட்டு நகைகூட இல்லை. ஆனாலும் காது மடல் இப்போது அவள்தான்.

வாயாடி என்னைப் பார்த்து விரல்களை விரித்தாள். என்ன விஷயம்?

சும்மா, என்று கையை ஆட்டினேன். ஏதோ சோதனைக்கு வந்தவள் போல ஒரு விரிப்பைத் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். படியிலிருந்து பார்த்தபோது புதுப் பெண் என்னவோ கேட்டாள். வாயாடி ஒற்றை விரலை மேலே தூக்கிக் காட்டினாள். மாடிக்காரி. அதுதான் என் புதுப் பெயர். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். சத்தம் வெளியே போகாது, அந்தக் கதவை நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனபோது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்து எழுந்தால், கீழே வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! ஒற்றை விரலை மேலே தூக்கினாள். என்னைத்தான். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.

மாடிக்காரி, சாப்பிட்டியா?

ஆச்சு, என்று வயிற்றைத் தட்டினேன். நீ?

அவள் முகத்தைச் சுளித்து, மருமகள் சமையல் என்று காட்டி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாகிற மாதிரி நடித்தாள். அடிப்பாவி! தனியறையில் பைத்தியம் மாதிரி சிரித்தேன். அவளுக்கு வேலை கூப்பிட்டது, திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு மதியங்களில் அந்தக் கொஞ்ச நேரம் கிடைத்தது. வாசலில் எதிரே பார்த்தால் இன்னும் மேடம்தான். சாப்பாடும் தனியாகத்தான். ஆனாலும் காலையில் எழுந்ததும் இன்று அவளிடம் என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஒன்று இருந்தது.

போன வாரம் மேனேஜர் ஒரு துணிச்சுருளோடு அறைக்குள் வந்தான். கெட்டியான சாம்பல் நிறத் திரை.

"அக்கா, தலைமை அலுவலகத்துல இந்த அறையோட படத்தைப் பாத்துட்டுச் சொன்னாங்க. ஓய்வெடுக்க வர்றவங்க கண்ணுக்கு மெஷின் தெரியக்கூடாதாம். இந்தக் கண்ணாடியை மூடிட்டா..."

"மூடினா கையை ஒடிச்சுடுவேன்," என்றேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "என்னக்கா இது? தொழிலாளிங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க?"

"அப்ப நான் யாரு? எனக்கு நல்லது வேணாமா? வீட்டுல எனக்குச் சுவரு, மாடியில சுவரு. நாள் முழுக்க என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கறது அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒருத்திதான். அதையும் மூடிட்டு என்னை எங்க போய் உக்காரச் சொல்ற?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவன் கண்ணாடி வழியே கீழே பார்த்தான். வாயாடி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றை விரலைத் தூக்கி, விரல்களை விரித்து, என்ன சண்டை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, வேலையைப் பார், என்றேன் கையால்.

அவன் திரையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"இந்த அறைக்கு யாராவது வர்றாங்களான்னு கேப்பாங்க அக்கா. என்ன சொல்ல?"

"ஒரு ஆள் தினமும் வருது, அதுக்கு ரொம்ப உபயோகமா இருக்குன்னு சொல்லு," என்றேன். டப்பாவைத் திறந்து, கண்ணாடியைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.