இரண்டாவது தட்டு

தம்பியின் தோலிலிருந்து எடுத்த செல்களை இதயச் செல்களாக மாற்றி, இரண்டு தட்டுகளில் வளர்த்திருந்தாள் அக்கா. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலையே அதுதான். ஆனால் சொந்தத் தம்பியுடையது என்றால் கை சும்மா இருக்குமா?

அவனுக்கு இதயத் துடிப்பு அடிக்கடி தாறுமாறாக ஓடும். ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றை ஆரம்பிக்க இருந்தார்கள். சிலருக்கு அது ஆளையே தூக்கிவிடும் என்பதால், அக்காவின் பதிலுக்காக டாக்டர் காத்திருந்தார். இரண்டாவது தட்டில் மட்டும் அந்த மருந்தைக் கலந்திருந்தாள்.

இந்தச் செல்களைத் தனியாக விட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். ஒட்டி வளர்ந்தால், நடுச்சுவரில் சின்னச் சின்ன வாசல்கள் திறக்கும். ஒன்றின் சேதி அடுத்ததுக்குப் போகும். அப்புறம் தட்டு முழுக்க ஒரே துடிப்புதான். வாசல் அடைபட்டால் கதை கந்தல்.

பயந்தவள் சும்மா இருப்பாளா? காலையிலிருந்து, செல்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறப்பதும் தட்டுகளை எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் இரண்டிலும் அசைவே இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் செத்துப்போச்சு மேடம்."

கதவைச் சாத்தச் சொல்லியே தொண்டை கட்டிப்போன மேற்பார்வையாளர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "சாகல. நீ திறந்து திறந்து குளிர வெச்சுட்ட. உள்ள வெச்சு மூடிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சூடேறியபின் எடுத்துப் பார்த்தால், முதல் தட்டு மொத்தமும் ஒன்றாகத் துடித்தது. அப்பாடா என்றிருந்தது.

இரண்டாவதும் துடித்தது. ஆனால் ஒரு செல் ஒரு பக்கம் இழுத்தது, இன்னொன்று வேறு பக்கம். பக்கத்தில் இருப்பது இருக்கிறதா செத்ததா என்று கேட்க நாதியில்லை. மருந்து வாசல்களை அடைத்துவிட்டது. இதுவே அவன் நெஞ்சுக்குள் நடந்தால்?

மேற்பார்வையாளர் அம்மாளும் பார்த்தார். "வேணாம்னு சொல்லிடு" என்றார்.

டாக்டர் போனை எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை. பதில் வராமலே கொடுத்துவிட்டார்களோ? மறுபடி அடித்தாள். எடுத்தான்.

"மாத்திரை போட்டியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"டேய், வாயத் திறந்து சொல்லேன்."

"தண்ணி குடிச்சிட்டிருந்தேன்க்கா."

"மாத்திரைக்கா?"

"தாகத்துக்கு. நர்ஸ் அதை அப்பவே கொடுத்துட்டாங்க. பயமா இருந்துச்சு, கையிலயே வெச்சிருக்கேன். நீ சொல்லாம போடுவேனா?"

"போடாத. அது உனக்கு ஒத்துக்காது."

"சரி." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டு, "அழாதக்கா. அடுத்த மருந்தையும் தட்டுக்கே கொடு. எனக்குப் பதிலா அது படட்டும்" என்றான்.

சிரிக்கப்போய் தேம்பிவிட்டாள். இன்குபேட்டர் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் தானே போய்ச் சாத்தினார், திட்டவில்லை.