எதிர் நாற்காலி

ரோந்துப் படகு பிடிபட்ட மூன்றாம் நாள், வெளியுறவுத் துறையின் ஆறாவது மாடியில் ஒத்திகை வைத்தார்கள். பிடித்தது அண்டை நாட்டுக் கடற்படை. படகிலிருந்த ஒன்பது பேரும் அவர்கள் கையில். படகு கடல் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் இரண்டு பக்கத்துத் தொலைக்காட்சிகளுக்கும் அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

மேசையின் ஒரு பக்கம் பேசப்போகும் குழு. நடுவில் தலைமைத் தூதர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருப்பவர். எதிர் நாற்காலியில், அண்டை நாட்டுப் பேச்சுவார்த்தைக் குழுத் தலைவராக நடிக்க, ஆய்வாளர். அந்த மனிதரின் பேச்சுகளைப் பதினோரு வருடமாகக் கேட்டு, படித்து, குறித்து வைத்தவள் அவள்தான். துறையில் அவளைவிட அந்த ஆளைத் தெரிந்தவர் கிடையாது.

தூதரையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் முன்பு வெளிநாட்டுப் பதவிக்கான பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தவர் அவர். ‘யாரோடும் ஒத்துப்போகமாட்டார்’ என்று ஓரத்தில் எழுதியும் வைத்தார். அன்றிலிருந்து மின்தூக்கியில் இருவரும் சேர்ந்து ஏறினால் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

“அவர் மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டா, பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்,” என்று ஒத்திகைக்கு முன் அவள் குழுவிடம் சொன்னாள். நான்கே நான்கு ஒளிப்பதிவுகளில் பார்த்தது அது. சட்டம் மாதிரிச் சொன்னாள்.

முதல் இரண்டு சுற்றும் முட்டல் மோதலாகவே போயின. தூதர் எதை நீட்டினாலும் அவள் தட்டிவிட்டாள். மூன்றாவது சுற்றில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “எல்லை தாண்டியிருக்கலாம்னு ஒரு வரி எழுதித் தர்றோம். எங்க ஆளுங்கள விடுங்க,” என்றார்.

அவள் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“போன தடவையும் நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு உங்க நாடே உங்கள ரெண்டு வருஷம் வீட்ல உக்கார வச்சுது. உங்க கையெழுத்துக்கு என்ன மதிப்பு?”

எட்டு வருடம் முந்தைய மீன்பிடி ஒப்பந்தத்தைப் பற்றி அவர் எதிரே யாரும் வாய் திறப்பதில்லை.

“இது உங்க குறிப்புல இருக்கா?” என்றார் தூதர்.

“அவர் சொல்லக்கூடியது, சார்.”

“அவன் சொல்லக்கூடியதா, நீ சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்ததா?”

‘நீங்க’ என்பது ‘நீ’ ஆனதை எல்லோரும் கவனித்தார்கள். அவர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார். அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அக்காவிடம் நடித்தே காட்டினாள். பல் மருத்துவரான அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தாளு அப்படிப் பேசுற ஆளா?”

“பேசலாம்.”

“பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது யாரையாச்சும் இப்படிக் குத்திக் காட்டியிருக்காரா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். மறுப்பார், இழுத்தடிப்பார், எழுந்தும் போவார். ஆளை வைத்து அவமானப்படுத்தியதாக ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

“அப்ப நீ நடிக்கல. உன் கடுப்பக் கொட்டிட்டு வந்திருக்கே. காலைல போய் அத அவர்கிட்ட சொல்லிடு.”

“சொன்னா என் மூஞ்சில கரியப் பூசிட்டதா நினைப்பாரு.”

“ஒன்பது வீட்ல சோறு இறங்காம உக்காந்திருக்காங்க. உனக்கு உன் மூஞ்சிதான் கவலையா?”

காலையில் போனாள். தூதர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எதுவா இருந்தாலும் எழுதி வைங்க,” என்றார். ‘நீங்க’ திரும்பி வந்திருந்தது, பனிக்கட்டி மாதிரி. இன்னொரு தடவை வாய் திறந்திருக்கலாம். அவள் திறக்கவில்லை. பன்னிரண்டு பக்கக் குறிப்பில் ஒன்பதாம் பக்கத்தின் அடியில், ‘கண்ணாடி பற்றிய ஊகம் உறுதியானதல்ல, ஒத்திகையில் பேசிய தனிப்பட்ட தாக்குதல் அவர் பாணி அல்ல’ என்று சேர்த்தாள். அவர் ஒன்பதாம் பக்கம்வரை புரட்டமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பேச்சுவார்த்தை மூன்றாவதொரு நாட்டின் ஓட்டலில் நடந்தது. அவள் பக்கத்து அறையில் காதில் ஹெட்போனும் எதிரே திரையுமாக இருந்தாள்.

எதிர்த்தரப்புத் தலைவர் மெல்லிய குரலில் தொடங்கினார். பயணம் சௌகரியமா என்று கேட்டார். எட்டு வருடம் முன்பு நாம் இருவரும் போட்ட ஒப்பந்தத்தை நான் மறக்கவில்லை என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்: அடிபட்ட இரண்டு பேரையும் சேர்த்து ஆறு பேரை இன்றே அனுப்புகிறோம், மூன்று பேர் விசாரணை முடிந்து இரண்டு வாரத்தில் வருவார்கள், ‘தாண்டியிருக்கலாம்’ என்ற ஒரு வரி போதும். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். களைத்துப் போனவர் தேய்க்கிற தேய்ப்பு அது.

தூதரின் கழுத்து விறைத்தது. திரையிலேயே தெரிந்தது.

“நான் போட்ட கையெழுத்த ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டீங்களா?” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். “அப்படியே சொல்லுங்க,” என்று அதட்டினார் தூதர்.

அவள் துண்டுச் சீட்டில் கிறுக்கினாள்: ‘பாராட்டாகச் சொல்கிறார். குத்தல் இல்லை. நாம் எதிர்பார்த்ததைவிட அதிகம் தருகிறார். ஒத்துக்கொள்ளுங்கள்.’ உதவியாளர் கொண்டுபோய் வைத்தார். தூதர் அது அவள் கையெழுத்து என்று பார்த்தார். சீட்டைக் கவிழ்த்து, மேலே தண்ணீர்க் குவளையைத் தூக்கி வைத்தார். அடுத்த நிமிடம் எழுந்துவிட்டார். எதிரே இருந்தவர் திறந்த வாய் மூடாமல், கையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

நடைக்கூடத்தில் அவள் வழியை மறித்தாள்.

“சார், உள்ள போங்க. இன்னும் கிளம்பல அவங்க.”

“உனக்கு இப்ப குளிர்ந்திருக்குமே.”

“நான் ஒத்திகைல பேசினது தப்பு. அது அவர் பேச்சு இல்ல, என் பேச்சு. அத மனசுல வச்சுக்கிட்டு இங்க...”

“இத முந்தாநாள் சொல்லியிருக்கணும்.”

“சொல்ல வந்தேன். தலையத் தூக்கினீங்களா?”

“நகரு.”

நகர்ந்தாள். வேறென்ன செய்ய?

ஒன்பது பேரும் நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் வந்தார்கள். ‘தாண்டியிருக்கலாம்’ என்பது ‘தாண்டினோம், வருந்துகிறோம்’ என்று ஆகியிருந்தது. அடிபட்ட இருவரில் ஒருவர் படகின் என்ஜின் மெக்கானிக். காலில் புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விமானத்திலிருந்து அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கியதை ஆய்வாளர் அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்தாள். யாரோ ஒலியைக் குறைத்தார்கள்.

விசாரணைக் குழுவின் முன் இருவரையும் ஒரே நாளில் உட்கார வைத்தார்கள். அவள் ஒளிக்கவில்லை. பதவிப் பட்டியல், தன் ஆத்திரம், ஒன்பதாம் பக்கத்தில் ஒளித்த வரி, எல்லாவற்றையும் சொன்னாள். “முடிவு அவருடையது. ஆனா அவர் காதுல விஷத்த ஊத்தினது நான். பாதிப் பொறுப்பு என்னுது,” என்றாள்.

குழுத்தலைவர் தூதரைப் பார்த்தார்.

“பாதியா? அந்த நாற்காலில உக்காந்தது நான்,” என்றார் தூதர், அவள் பக்கம் திரும்பாமலே. “சீட்டப் படிச்சேன். அதுல இருந்தது சரின்னும் தெரிஞ்சுது. இவ எழுதினதுங்கிறதாலதான் கவுத்து வச்சேன். முழுசும் என்னுதுதான். இதுலயும் இவ பங்கு கேட்டு வர வேண்டாம்.”

குறிப்பெடுப்பவர் பேனாவை நிறுத்தி, இதையும் எழுதவா என்பது போல நிமிர்ந்தார். குழுத்தலைவர் எழுதச் சொல்லித் தலையை ஆட்டினார். அவளுக்குக் காது மடல் சுட்டது. இந்த மனிதரை மன்னிக்கலாமென்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே முடியாது என்று தெரிந்துபோனது. வெளியே வந்தபோது மின்தூக்கி திறந்தே இருந்தது. தூதர் உள்ளே நின்றிருந்தார். அவள் படிக்கட்டில் இறங்கிப் போனாள்.