திரையில் விழுந்த பன்னிரண்டு

1.

இந்தக் கதை ஒரு கூச்சலில் பிறந்தது. "ஐயோ, எழுதிடுச்சு!" என்று லுப்லியானா நகரப் பல்கலைக்கழகத்தில் என் பக்கத்து அறையிலிருந்து ப்ரீனா அலறினாள். இந்தக் கணினித் துறையில் நானும் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறேன். இப்படி ஓர் அலறலைக் கேட்டதில்லை.

(முதலில் 'பனி மெல்லப் பொழிந்த ஒரு மாலையில்' என்று ஆரம்பித்தேன். சே! அடித்துவிட்டேன்.)

2.

ப்ரீனாவின் முனைவர் ஆய்வு ஒரு கணினி நிரல் மொழி. அதில் ஒவ்வொரு நிரலும், கணக்குப் போடுவதைத் தவிர வேறு என்ன செய்யும் என்று ஒரு வகைச்சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் எழுதும், கோப்பைத் தொடும், இப்படி. சீட்டு வெறுமையாக இருந்தால் கணக்கு மட்டும்தான். விடையைக்கூட வெளியே காட்டக் கூடாது. அந்தச் சீட்டு ஒருபோதும் பொய் சொல்லாது என்பதுதான் அவளுடைய நிரூபணம். நாளைக்கு வாய்மொழித் தேர்வு.

இப்போது, வெறும் சீட்டோடு போன ஒரு கூட்டல் கணக்கு, திரையில் 12 என்று எழுதிவிட்டது.

3.

கூடச் சேர்ந்து அந்த மொழியை உருவாக்கிய டிலென், இறைச்சி அடைத்த பூரெக் ரொட்டியை மென்றுகொண்டே எட்டிப்பார்த்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"வெறும் சீட்டுடா. பன்னிரண்டுன்னு எழுதுது. நிரூபணம் போச்சு. தேர்வே வேணாம்னு சொல்லிடப் போறேன்."

மெல்லுவதை நிறுத்தினான். "அது... உன் நிரல் எழுதல. நான்தான்."

"என்னது?"

"போன வாரம் ஒரு பிழையத் தேடினேன்ல? நிரல ஓட்டுற மென்பொருளுக்குள்ளயே, விடை வந்தா திரையில காட்டுன்னு ஒரு வரி போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

அந்த மென்பொருளை அவர்கள் எழுதியது வேறொரு பழைய மொழியில். அங்கே சீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"அடப்பாவி! அதையும் நம்ம மொழியிலயே எழுதியிருந்தா அன்னைக்கே சீட்டு உன்னக் காட்டிக்கொடுத்திருக்கும்டா!"

(இங்கே எனக்கு ஒரு சபலம். நிரூபணத்தில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால் கனமான கதை என்று நாலு பேர் சொல்வார்கள். எழுதியும் பார்த்தேன்: 'அந்த வரியை எடுத்த பிறகும், திரையில் மறுபடி...' அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.)

4.

வரியை எடுத்தார்கள். ப்ரீனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிரலை ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை ஓட்டினாள். திரை அப்படியே கறுப்பாக இருந்தது.

"ஒண்ணும் வரலடா டிலென், ஒண்ணுமே வரல!" என்று சொல்லி அழுதே விட்டாள். அப்பாடா! சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

5.

தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுத மாட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்ட பிறகு, எதையாவது நடத்திவைக்க எனக்குக் கை வரவில்லை. நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.